இருபத்து மூன்றாம் அத்தியாயத்துச் சட்டைகள்

மார்ச் 4
நாவலைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் படி முடிந்ததும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், இப்போது காகிதக் கட்டைத் தொடவே பயப்படுகிறேன். வழக்கம்போல் ஒவ்வோர் அத்தியாயமாக அவருக்கு உரக்க வாசிக்கிறேன். துணிக்கு இஸ்திரி போட்டபடி கேட்பார். இழுவையாக இருந்தால் கொட்டாவி விடுவார், அந்த இடத்தில் பேனாவை வைப்பேன். கல்யாணமான நாளிலிருந்து என் முதல் எடிட்டர் அந்தக் கொட்டாவிதான்.

மார்ச் 9
பத்தொன்பது முடிந்தது. இருபதில் கதாநாயகியின் கணவன் சாகிறான். நாளைக்கு.

மார்ச் 10
வாசிக்கவில்லை.

அவர் கழுத்தில் இருக்கும் கட்டியில் டாக்டர் காலையில் ஊசி குத்திப் பரிசோதனைக்கு எடுத்தார். "ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும், பயப்படாதீங்க" என்றார். அப்படி யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும்.

கதையில் அவனுக்கும் கழுத்தில்தான். போன வருடமே எழுதியது. ஏன் கழுத்து என்று எழுதினேன்? உடம்பில் வேறு இடமா இல்லை? நான் எழுதித்தான் வந்ததா? பைத்தியக்காரத்தனம். தெரியும். தெரிந்து என்ன, அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லையே.

"இருபது எங்க?" என்று கேட்டார்.
"இன்னும் சரியா வரல."

மார்ச் 11
அவனைப் பிழைக்க வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து தன் காலால் நடந்து வீட்டுக்கு வருகிறான். நல்ல பக்கங்கள் போயின, போய்த் தொலையட்டும். பதிப்பகத்து எடிட்டருக்கு அனுப்பியாகிவிட்டது. நெஞ்சுபாரம் இறங்கினாற்போல் இருந்தது, சாயங்காலம் வரை.

மார்ச் 15
எடிட்டர் போன் செய்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், இருபதுல அவர் குணமாகி வீட்டுக்கு வந்துடுறாரு. ஆனா இருபத்துமூணுல அவரோட சட்டையெல்லாம் மூட்டை கட்டி யாருக்கோ குடுத்துடுறாங்களே?"

இருபதை மட்டும் மாற்றிவிட்டு, அதற்குப் பின்னால் கதாநாயகி தனியாக வாழும் பக்கங்களை அப்படியே விட்டிருக்கிறேன். எத்தனை நாவல் எழுதியவள், இப்படியா கோட்டை விடுவேன்? உயிரோடு வீட்டில் இருக்கிற மனுஷனின் சட்டையை— தட்டு கை நழுவியது.

"முதல் படியில இருந்த இருபதுதான் மேடம் இந்த புக்கே. இப்ப இருக்கறத யாரும் நம்ப மாட்டாங்க."

திரும்பினால் சமையலறை வாசலில் அவர். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"எத்தனை சட்டை?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதாங்க மாத்தினேன்! வேற என்ன பண்ணச் சொல்றீங்க என்னை?" என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் வந்து குழாயை மூடினார். "நீ எழுதித்தான் வந்துச்சுன்னா, நீ அடிச்சு மாத்தினதும் போயிருக்கணுமே. தொட்டுப் பாரு, அங்கேயேதான் இருக்கு."

தொடவில்லை. பயம்.

மார்ச் 17
ரிசல்ட் வந்தது. கெட்ட கட்டிதான். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

மார்ச் 29
அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. "முழுசா எடுத்தாச்சு, இனிமே பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டர். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். விழுங்கும்போது, தூங்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும்.

இன்னும் பேசக் கூடாது. மதியம் இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினார், மடக்கினார், மறுபடியும் விரித்தார். புரியாததுபோல் தலையணையைச் சரி செய்தேன். விடவில்லை, திரும்பவும் காட்டினார்.

எடிட்டரிடமிருந்து வாங்கிய பழைய இருபதை எடுத்து வந்து வாசித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பாதியில் நிமிர்ந்தால் கண் மூடியிருந்தார். நிறுத்திவிட்டு நெஞ்சைப் பார்த்தேன். ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பிறகு விட்ட இடத்திலிருந்து, அவன் சாகும் வரை, உரக்கவே வாசித்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வரி அதிகமாகப் பட்டது. அடித்தேன்.