ராத்திரி விமானம் வேண்டாம்

தாதர் பார்சி காலனி, மும்பை
ஞாயிறு காலை

அன்பு மகள் ஆர்னவாஸுக்கு,

மம்மா எழுதுவது. அந்த டொரண்டோக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி பெர்சிஸும் சளி, இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் உன் பப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாரே, எப்படிச் சொல்வது? அவர் சவரம் செய்யப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

நவ்ரோஸ் புத்தாண்டுக்கு வருகிறோம், ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கும் விமானம்தான் மலிவாக இருக்கிறது என்றாயே, அந்த டிக்கெட்டை வாங்காதே. வாங்கியிருந்தால் மாற்றிவிடு. நீ சொன்ன நாளிலிருந்து பப்பா அந்தப் பழைய ஃபியட்டைத் தேய்க்கும் தேய்ப்பில் பெயின்டே போய்விடும் போலிருக்கிறது. அவரே ஓட்டிக்கொண்டு வந்து உங்களை அழைத்து வருவாராம். டாக்ஸி என்று வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். "என் பொண்ணு என்னிக்காவது டாக்ஸில வந்து இந்த வாசல்ல இறங்கியிருக்காளா ஃப்ரேனி? நான் செத்த பிறகு இறங்கட்டும்" என்று பாய்ந்தார்.

அவருக்குக் கண் தெரியவில்லை, ஆர்னவாஸ். எனக்கே போன வாரம்தான் விளங்கியது. கொஞ்ச நாளாகவே சிக்னல் வந்தால் "சொல்லு பார்ப்போம், சிவப்பா பச்சையா?" என்று கேட்பார். லைசென்ஸ் பரீட்சையில் தோற்ற பெண்டாட்டியைக் கிண்டல் பண்ணுகிறார் என்று நானும் முறைத்துக்கொண்டே பதில் சொல்லிவந்தேன். போன வாரம் அக்னி கோயிலுக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்பினோம். நான் கோபமாக இருந்ததால் அவர் கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. மனிதர் சிவப்பில் நேரே போய்விட்டார். ஐயோ, ஒரு பஸ் கிறீச்சென்று முட்டாத குறையாக வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "யோவ் பெரிசு, கண்ணை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா?" என்று கத்தினான். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற உன் பப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பிரேக் சரியில்லை என்றார். கீழ்வீட்டுக் கேகி பார்த்தான், பிரேக்குக்கு ஒரு கேடும் இல்லை.

அன்றே கார் சாவியை எடுத்து விளக்குப் பக்கத்தில் இருக்கிற ஜரதுஷ்டிரர் படத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். ஊறுகாய் ஜாடிவரை திறந்து தேடினார், ஆனால் எங்கே என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சண்டையாவது போடலாம். அந்த இருட்டில் பெர்சிஸ் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவதை நீயே நினைத்துப் பார். அதனால் நீ அவரிடம் வரும் தேதியை ஒரு நாள் தள்ளிச் சொல்லிவிட்டு முன்னாடியே வந்து டாக்ஸியில் இறங்கிவிடு. திட்டுவார், திட்டட்டும். குழந்தைக்குப் பருத்திச் சட்டையே எடுத்து வா, விமானத்தில் அவளைத் தண்ணீர் குடிக்கச் சொல், சாக்லேட் மூட்டை வேண்டாம்.

இதுவரை எழுதிவிட்டுக் குக்கரை இறக்கப் போனேன். திரும்பினால் பப்பா என் நாற்காலியில் இருக்கிறார், இந்தக் காகிதம் மூக்கருகே இருக்கிறது. காகிதத்தை என்னிடம் நீட்டி, "படி" என்றார். மாற்றிப் படித்திருக்கலாம், மனசு வரவில்லை. பஸ், சாவி, உனக்குச் சொல்லிக்கொடுத்த பொய் எல்லாவற்றையும் படித்தேன். எழுந்து போய்ப் படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "மறுநாளே கிடைச்சிடுச்சு. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். போன வருஷமே தனியாகக் கண் டாக்டரிடம் போய்வந்தாராம், இனிமேல் தெளியாது என்று சொல்லிவிட்டார்களாம். அழுதுவிட்டேன். "அழாதடி, ஏர்போர்ட்டுக்குப் போற டாக்ஸில முன்சீட்டு எனக்குத்தான்" என்கிறார்.

நீங்கள் மூவரும் நல்லபடியாக வந்து சேர அகுரா மஸ்தா துணையிருக்கட்டும். வாசலில் திருஷ்டி கழிய உங்கள் தலையைச் சுற்றி உடைக்க முட்டையும், தின்னச் சேமியாவும் தயிரும் தயாராக இருக்கும். டிக்கெட்டை மறக்காதே. பப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு, தான் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறார்: "பகல்ல இறங்குற மாதிரி வாம்மா. பெர்சிஸை நான் இன்னும் நேர்ல பார்த்ததில்லை. ராத்திரியில வந்தா அவ முகம் எனக்குத் தெரியாது."

உன் அன்பு மம்மா,
ஃப்ரேனி