கறுப்புக் கரை போட்ட தாள்

திருமங்கலம் தாலுகா,
12-2-1936, புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, ஜெயக்கொடி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். ஒரு கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாதுதான். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேற்று முழுவதும் வெறும் தாளை வைத்துக்கொண்டு இருந்தேன். அத்தைதான், "மனசுல கெடக்குறத அப்படியே எழுது தாயி, அவன் படிக்கட்டும்" என்றார்கள்.

ஜப்பானில் நீங்கள் தங்கிப் படிக்கப்போகும் விடுதியின் முகவரியை இங்கிலீஷிலும், எனக்குப் புரியத் தமிழிலும் பத்துச் சீட்டுகளில் எழுதி, உறையில் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அதில் முதல் சீட்டு இதற்குத்தான். இத்தனை நாள் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் உங்களுக்கு என்ன எழுதுவது என்று கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தச் சீட்டுகளை அஞ்சறைப்பெட்டிக்குள் வைத்துத் தினமும் எடுத்துப் பார்ப்பேன். மஞ்சள்தூள் ஒட்டி ஓரமெல்லாம் நிறம் மாறிவிட்டது. நான் அப்படிப் பார்த்து வைத்திருந்ததால் என்ன ஆயிற்று என்று பின்னால் சொல்கிறேன்.

மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. கரிசல்காட்டில் பருத்தி வெடிக்கத் தொடங்கிவிட்டது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இதெல்லாம் போன வாரத்துச் செய்தி. திங்கட்கிழமைக்கு அப்புறம் இதெல்லாம் வேறு யார் வீட்டிலோ நடந்தது போல இருக்கிறது.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் கம்பு இடித்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வந்தார். வழக்கமாக உள்ளே வந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, அவரே கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போவார். அன்றைக்குத் தெருவிலேயே நின்றுகொண்டார். "நல்லகாமண்ணே, கொஞ்சம் வெளியில வாங்க" என்று மாமாவைக் கூப்பிட்டார். கடிதத்தைக் கையில் கொடுக்கவில்லை. வாசல் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டார்.

உறையைச் சுற்றிக் கறுப்புக் கரை போட்டிருந்தது.

உங்கள் சித்தப்பா பேயாண்டி மாமாவும் அப்போது அங்கே இருந்தார்கள். தபால் முத்திரையை எழுத்துக் கூட்டிப் பார்த்து, சிங்கப்பூர் என்றார்கள். ஜப்பான் கப்பலுக்கு மாறுவதற்கு நாலு நாள் சிங்கப்பூரில் தங்குவீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நம் வீட்டு ஆள் அந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான். சின்ன மாமா உறையைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த தாளிலும் நாலு பக்கமும் கறுப்பு.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கறுப்புப் பூசிய கடிதம் வந்தால் சாவுச் செய்தி. அதை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. யார் போனது என்று தெரிந்தவுடன் வாசலிலேயே கிழித்து எறிந்துவிட வேண்டும். வைத்திருந்தால் அடுத்த சாவு அந்த வீட்டில் என்பார்கள். யார் போனது என்றுதான் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. "அண்ணே, நம்ம பய போயிட்டாண்ணே" என்று சொல்லிக்கொண்டே சின்ன மாமா ஒரு வரிகூடப் பார்க்காமல் தாளை நாலாகக் கிழித்துவிட்டார்கள்.

அத்தை இருந்த இடத்திலேயே விழுந்தார்கள். கொஞ்ச நேரத்துக்குள் ஊர் முழுக்க நம் வாசலில் இருந்தது. நான் உலக்கையைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். யாரோ கையிலிருந்து பிடுங்கி வைத்தபோதுதான் தெரிந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, மச்சான். உங்களிடம் மறைக்கக் கூடாது. கல்யாணம் ஆகி நாற்பது நாள்தான் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். அதில் உங்களை நிமிர்ந்து பார்த்தது எத்தனை தடவை? கண்ணை மூடிப் பார்த்தேன். உங்கள் செருப்பு வந்தது. சட்டையின் மேல் பித்தான் வந்தது. முகம் வரவில்லை. முகம்கூடத் தெரியாமல் தாலி அறுக்கப்போகிறேனே என்று திடுக்கென்றது. மற்ற பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். "இவளுக்கு நெஞ்சு கல்லா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

என் அய்யாவுக்குச் சைக்கிளில் ஆள் போனது. தாலி இறக்குவதற்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும் அல்லவா? அதற்காக.

நான் உட்கார்ந்திருந்த மூலைக்கு வெளியே ஆண்கள் பேசியது கேட்டது. சின்ன மாமா அழுதுகொண்டே சொன்னார்கள்: "பதினாறு வயசுப் பிள்ளய ஏன் அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பணும்? கருமாதி முடியட்டும். நம்ம காளைக்கே கட்டி வச்சிருவோம்." காளை அவர்கள் மகன். நான் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறேன். சின்ன மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நம் ஆட்களில் நடப்பதுதான். ஆனாலும் தபால்காரர் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் எனக்கு இன்னொரு வீடு பார்த்துவிட்டார்கள். நான் எழுந்து வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். மாமா முன்னால் நான் இதுவரை ஒரு வார்த்தை பேசினவள் இல்லை.

அப்புறம் பெரிய வீட்டு முத்துத்தாய் அக்காவும் நாலு பெண்களும் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். தலையில் இருந்த பூவை எடுத்தார்கள். பொட்டை அழித்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். துவைகல்லின் மேல் என் வலது கையை வைத்து வளையலை உடைத்தார்கள். ஆறு வளையலும் போயிற்று. ஒன்று கீறி ரத்தம் வந்தது. முத்துத்தாய் அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "அடுத்த கையக் குடு தாயி" என்றார்கள்.

அந்தக் கையைக் கொடுக்கத் திரும்பினேன். குப்பைக்குழி ஓரத்து முள்வேலியில் ஒரு துண்டுத் தாள் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. கிழித்ததைக் கொண்டுவந்து அங்கேதான் எறிந்திருக்கிறார்கள். அதில் என் பெயர் இருந்தது.

'ஜெயக்கொடிக்கு நான்' என்று இருந்தது. அதோடு தாள் கிழிந்திருந்தது. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் பத்துச் சீட்டிலும் அதே எழுத்துத்தான். செத்துப்போனவர் தன் சாவைத் தானே எப்படி எழுதுவார்?

கையை உதறிக்கொண்டு குப்பைக்குழிக்குள் இறங்கினேன். சாணியும் சாம்பலும் முழங்கால் வரை இருந்தது. இன்னும் இரண்டு துண்டு கிடைத்தது. "ஏத்தா, பிள்ளைக்குப் பித்துப் பிடிச்சிருச்சு, பிடிங்க, பிடிங்க!" என்று முத்துத்தாய் அக்கா கத்தினார்கள். நான் மேல்பாதியைச் சேர்த்து வைத்து வாசித்தேன். உங்கள் முதல் வரியை வாசித்தேன்.

ஈரச் சேலையோடு வாசலுக்கு ஓடினேன். வாசல் முழுக்க ஆட்கள். ஒப்பாரிச் சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. "சாவுக் கடுதாசியத் தூக்கிக்கிட்டு வாரா பாரு" என்று யாரோ என் கையில் இருந்ததைப் பிடுங்க வந்தார்கள். "அவுக உசுரோட இருக்காக, அவுகளே எழுதியிருக்காக" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. தெருமுனையில் என் அய்யா மலையாண்டி வருவது தெரிந்தது. திருமங்கலத்தில் வாங்கின கோடிச் சேலையை இரண்டு கையிலும் ஏந்தியபடி, ஆறு மைல் நடந்த புழுதியோடு வந்துகொண்டிருந்தார்.

அந்தச் சேலையைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "காசிமாயன் சாகல!" என்று கத்திவிட்டேன்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். மனசுக்குள்கூட உங்கள் பெயரை நான் சொன்னது கிடையாது. அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டேன். ஒப்பாரி சட்டென்று நின்றது. நான் கத்தியதற்காக நிற்கவில்லை. ஒரு பெண்டாட்டி இப்படிச் சொல்லிவிட்டாளே என்றுதான் எல்லோரும் வாயை மூடினார்கள். அந்த அமைதியில்தான் என் பேச்சு கேட்டது.

மாமா என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "படி ஆத்தா" என்றார்கள்.

துண்டுகளைத் தரையில் பொருத்தி வைத்து வாசித்தேன். நீங்கள் எழுதியது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நாங்கள் எதை வாசித்தோம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜனவரி 28 என்று தேதி போட்டிருந்தது. 'அம்மாவும் அய்யாவும் இந்தத் தாளின் கறுப்புக் கரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரிட்டிஷ் சக்கரவர்த்தி இறந்த துக்கத்துக்காக இந்த விடுதியில் எல்லோருக்கும் இந்தத் தாளும் உறையும்தான் கொடுக்கிறார்கள். இன்று அவரை அடக்கம் செய்யும் நாள் என்பதால் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. வேறு தாள் வாங்க வழியில்லை. நான் சுகமாக இருக்கிறேன்.' அதற்கு அப்புறம் தினமும் மாலையில் மழை பெய்கிறது என்றும், ரிக்‌ஷா இழுப்பவர்கள் எல்லாம் சீனர்கள் என்றும், துறைமுகத்தில் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வலிய வந்து கையைப் பிடித்துக்கொண்டார் என்றும் இருந்தது.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த செல்லத்தாய் சின்னம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "ராசா செத்தா ராசா வீட்டுக்காரக அழுகட்டும். எங்கள ஏண்டா அழ வைக்கிறீக? தொண்டை கிழிஞ்சு போச்சு" என்றார்கள். ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. "திருப்பிப் படி" என்றார்கள். படித்தேன். "சுகமா இருக்கேன்னு வருதுல்ல, அந்த எடத்த மட்டும் படி" என்றார்கள். எத்தனை தடவை படித்தேன் என்று நினைவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை.

என் அய்யா வாசலுக்கு வரவே இல்லை. எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்தான் போனேன். என் வெறும் கையைப் பார்த்தார். மறு கையைப் பார்த்தார். "நல்லாரு ஆத்தா" என்று மட்டும் சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். அந்தச் சேலையை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, இங்கே வைக்கவும் முடியாது. போகிற வழியில் கண்மாயில் விட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

சின்ன மாமா அதற்கு அப்புறம் நம் வீட்டுப்பக்கம் வரவில்லை. பருத்திக்காட்டிலேயே இருக்கிறார்களாம். கையைக் கழுவிக் கழுவிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முத்துத்தாய் அக்கா சொன்னார்கள். அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். காளை பேச்சை நான் உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? நீங்கள் கடல் தாண்டிப் படிக்கப் போகிறவர். பயப்பட வேண்டாம் என்று தாளின் உள்ளே எழுதினீர்கள். கரையைப் பார்த்த பிறகு நம் வீட்டில் யார் உள்ளே வாசிப்பார்கள் என்று ஏன் நினைக்கவில்லை? நாலு நாள் அந்த ஊரில் இருந்ததற்குள் நம் ஊர் மறந்துவிட்டதா? தப்பாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நான் தண்ணீர்க் குடத்தோடு போனால் சில பேர் இன்னும் ஒதுங்கி நிற்கிறார்கள். மூன்று மணி நேரம் நான் எப்படி இருந்தேன் என்பதை ஊர் பார்த்துவிட்டது. நானும் ஊரைப் பார்த்துவிட்டேன். தெருவில் தபால்காரர் குரல் கேட்டால் உள்ளே போய்விடுகிறேன்.

புது வளையல் போடச் சொல்லி அத்தை வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் போடவில்லை. உங்கள் கடிதம் ஜனவரி 28-ஆம் தேதியோடு நிற்கிறது. அதற்குப் பிறகு எத்தனை நாள், எவ்வளவு கடல். ஜப்பான் போய்ச் சேர்ந்து நீங்கள் எழுதுவது வரட்டும், அப்போது போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை இடது கையில் ஆறு, வலது கையில் ஒன்றுமில்லை.

வெள்ளைத் தாளில் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் பழைய பேப்பரின் ஓரத்திலாவது எழுதுங்கள். இதோடு ஒரு சின்னப் பொட்டலத்தில் மஞ்சள்தூள் வைத்திருக்கிறேன். அங்கே கிடைக்காது என்று நினைக்கிறேன். உறையின் நாலு மூலையிலும் தடவி அனுப்புங்கள். தபால்காரர் தூரத்திலிருந்தே பார்க்கட்டும்.

உங்கள் கடிதத்தை நான் எறியவில்லை. கறுப்புக் கரையை மட்டும் நறுக்கி அடுப்பில் போட்டுவிட்டு, மூன்று துண்டையும் சீட்டுகளோடு வைத்திருக்கிறேன். நாலாவது துண்டு கிடைக்கவே இல்லை. குப்பைக்குழியை இரண்டு நாளாகக் கிளறிப் பார்த்துவிட்டேன். 'ஜெயக்கொடிக்கு நான்' என்பது வரைதான் என்னிடம் இருக்கிறது. மீதி என்ன எழுதியிருந்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள்.

அழகர் உங்களுக்குத் துணை இருப்பார். உங்கள் பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை சொல்ல வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்
ஜெயக்கொடி