வேர் இல்லாத கல்

அக்னி நட்சத்திர வெயிலில் வாளிப் பிடியைக்கூடத் தொட முடியவில்லை. கைக்குட்டை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டேன். உன் கல் சில்லென்று விரலில் பட்டது. ஆறு வருஷமாகப் பார்க்கிறேன் மாப்ளே, எந்த வெயிலிலும் அது சூடேறியதில்லை. கோழிமுட்டையளவுதான். ஒரு பக்கம் தேய்த்துவிட்டதுபோல் தட்டை. அந்தத் தட்டையில் ஒரே திசையில் நான்கைந்து கீறல்கள்.

என் தங்கையைக் கட்டிய நீ, லடாக்கில் ரோடு போடும் வேலையில் நாலு வருஷம் கிடந்துவிட்டு வந்தாய். அங்கே பார்த்த பனி ஆற்றைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு.

"தண்ணி மாதிரி ஓடாது மச்சான். ஊர்ந்துகினே கீது, கண்ணுக்குத் தெரியாது. அடியில கல்லைக் கவ்விக்கும். அந்தக் கல்லாலயே மலையை ராவிகினு வரும். அது போன பள்ளத்தைப் பாத்தா மாட்டுத் தொட்டி மாதிரி அகலமா இருக்கும். கிட்ட நின்னா முனகும்."

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மதுராந்தகம் நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் படித்துத் தேறியவன் என்கிற திமிர் எனக்கு உண்டு. நான் படிக்காத ஒன்றை நீ கண்ணால் பார்த்துவிட்டு வந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் அந்தப் பெரிய உருண்டைப் பாறையைக் காட்டி, "இதுவும் உன் பனி உருட்டினதா?" என்று கிண்டல் செய்தேன். நீ அதைச் சுற்றிச் சுற்றித் தடவினாய். "இல்ல மச்சான். இது இங்கயே பொறந்தது. வெயிலும் மழையும் தேச்சது. கீறல் இல்ல பாரு" என்றாய். எல்லாவற்றையும் பனி என்று சொல்கிறவன் இல்லை நீ. அன்றைக்கே அது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எழுபத்து மூன்று சித்திரையில் பாலாற்றங்கரை நிலத்தில் கிணறு வெட்டினேன். மணல் முடிந்ததும் பச்சைக் களிமண் வந்தது. அதற்குள் நெல்லிக்காய், பூசணிக்காய், படுத்த எருமை என்று எல்லா அளவிலும் கற்கள் தாறுமாறாகப் புதைந்திருந்தன. நீ குனிந்து இந்தக் கல்லைப் பொறுக்கித் துடைத்தாய். உன் முகம் மாறிவிட்டது.

"ஆறு இப்டிப் போடாது மச்சான். மணலைத் தனியா, கூழாங்கல்லைத் தனியா பிரிச்சி வெச்சிட்டுப் போவும். பனிதான் உருகுற எடத்துல சுமந்ததையெல்லாம் ஒண்ணாக் கொட்டிட்டுப் பூடும். இங்க பனி இருந்திருக்கு."

மேஸ்திரி சிரித்தான். "செங்கல்பட்டுலயா? மார்கழில சொல்லு அண்ணாத்த, போர்வை எடுத்தாரேன்." எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்.

இரண்டு நாள் கழித்துக் கிணற்றின் அடி முழுக்கப் பாறை தட்டியது. மேஸ்திரி கடப்பாறையால் குத்தினான், கணீரென்றது. எங்கள் பக்கத்தில் பாறை வந்துவிட்டால் தேங்காய் உடைப்பார்கள். கிணறு கால் ஊன்றிவிட்டது, இனிச் சரியாது என்று பக்கச்சுவருக்குக் கொடுத்த முட்டுக்கட்டைகளைப் பிடுங்கிவிட்டுப் பாறையைப் பிளக்க வெடித் தோட்டா வைப்பார்கள். நீ உள்ளே இறங்கிப் பாறையில் காதை வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் குத்தச் சொன்னாய்.

"இதுக்கு வேர் இல்ல மச்சான். பனி போட்டுட்டுப் போன கல்லு. கீழ மறுபடி களிமண்ணுதான். கட்டையை எடுக்காத. ஒரு நாள் குடு, ஓரமா நோண்டிக் காட்டறேன்."

"லடாக்கை லடாக்குல வெச்சிக்க மாப்ள. இது என் கெணறு."

மறுநாள் காலை கட்டைகளைப் பிடுங்கினோம், தோட்டா வெடித்தது. ஒன்றும் சரியவில்லை. உன்னைப் பார்த்து மறுபடி சிரித்தோம். மேஸ்திரி சில்லு அள்ள இறங்கினான். நாங்கள் பனைமர நிழலில் சோற்றுக்கு உட்கார்ந்தோம். அப்போது கிணற்றிலிருந்து ஒரு முனகல் வந்தது. மனிதக் குரல் இல்லை. பெரிய ஆட்டுக்கல் ஒன்று மாவில்லாமல் சுற்றுவது போன்ற சத்தம். காகங்கள்கூட வாயடைத்துக்கொண்டன.

"அதே சத்தம்" என்றாய். அவ்வளவுதான். சோற்றுக் கையோடு ஓடிக் கயிற்றில் இறங்கினாய். மேஸ்திரியின் இடுப்பில் கயிற்றைக் கட்டினாய், நாங்கள் அவனை இழுத்துப் போட்டோம். மறுபடி கயிற்றை விட்டோம். நீ அதைப் பிடிக்கவும் பிடித்துவிட்டாய். பிளந்த பாறை நழுவியது. பச்சைச் சுவர் கதவு சாத்துவதுபோல் மூடிக்கொண்டது. ஈர மண் என்பதால் புழுதிகூட எழவில்லை.

மூன்றாம் நாள் உன்னை எடுத்தபோது சட்டைப் பையில் இந்தக் கல் இருந்தது.

கிணறு காவு வாங்கிவிட்டது என்றது ஊர். என்னைக் காப்பாற்ற நினைத்தோ என்னவோ, என் தங்கையும் அதையே சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காவு என்று சொன்னால் நீ சொன்னது சரி என்பது அழிந்துபோகும். தூர்க்கச் சொன்னார்கள், அதையும் செய்யவில்லை.

பிறகு நிலத்தடியை ஆராய ஆற்றோரம் துளை போட வந்த அதிகாரி ஒருவர் இந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல கோடி வருஷங்களுக்கு முன் இந்த நிலம் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்ததாம். மலை உயரப் பனி இதன்மேல் ஊர்ந்து போனதாம். "என் மாப்பிள்ளைதான் இதை முதல்ல சொன்னான், எழுதிக்கோங்க" என்றேன். "அதெல்லாம் எழுத முடியாது பெரியவரே" என்று சிரித்தார். கல்லைக் கேட்டார். தரவில்லை.

மத்தியான வேளையில் சில நாள் கிணற்றிலிருந்து அந்த முனகல் வருகிறது. பேய் என்று எவனாவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனாலும் கேட்கிறது.

போன வாரம் பக்கத்து ஊரில் ஒரு கிணற்றில் பாறை தட்டியது. யாரும் கூப்பிடாமலே போய்க் கயிற்றில் இறங்கினேன். "பெருசு, உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றார்கள் மேலே. பாறையில் காதை வைத்தேன். குளிர் பல்வரை ஏறியது. "ஒரு நாள் குடுங்க, ஓரமா நோண்டிப் பாக்கலாம்" என்றேன். அங்கே மேஸ்திரி, நீ கயிறு கட்டி அனுப்பியவன்தான். கடப்பாறையைத் திருப்பி ஓரத்தில் தோண்டினான். சாயங்காலத்துக்குள் பாறைக்குக் கீழே பச்சைக் களிமண் வந்தது. கட்டைகள் அப்படியே நின்றன.

நீ கேட்டது ஒரே ஒரு நாள். நான் தரவில்லை. இப்போது எந்தக் கிணற்றில் இறங்கினாலும், அந்த ஒரு நாளை வாங்காமல் நான் மேலே ஏறுவதில்லை.