மூலை திறந்த மண்டபத்தில் அமராதே

வாழி. கல்வரை நாட்டுச் சுனைகள் வற்றாதிருப்பதாக. அதன் தினைப்புனங்கள் கிளிக்கும் அளித்து மனிதர்க்கும் மிஞ்சுவதாக. எல்லைக் காவலர் கண்ணயரும் பொழுதிலும் எல்லை கண்ணயராதிருப்பதாக.

ஈரோடை நாட்டின் அரியணையைக் காத்து நிற்பவளும், விண்ணுலகு புகுந்த கோ அறவேளின் தேவியுமாகிய கயல்நங்கை, நெய்தலூர்க் கோட்டையிலிருந்து, ஈரோடையின் குடைக்கீழ் கல்வரையை ஆள்பவனும், வருகின்ற முழுநிலவில் முடி சூட இருப்பவனும், எம் உடன்பிறந்தவனுமாகிய முகிலவேளுக்குத் தன் கையாலேயே எழுதிய ஓலை. அரச வழக்கின்படி யாம் என்று தொடங்கினேன். நடுவில் உன் அக்காவாக, நான் என்றே எழுதுவேன். ஆணை வரும் இடத்தில் மறுபடியும் யாம் என்பேன். அப்போது நிமிர்ந்து உட்கார்.

மண்டபம் விழுந்த அன்று காலை வழக்கம்போல் நடந்த கடைசிச் செயல் சந்தனம் பூசியது. அரைத்த பெண் தண்ணீரை மிகுதியாக விட்டிருந்தாள். சந்தனம் உன் அத்தானின் கழுத்தில் நில்லாமல் வழிந்து, காறை எலும்புகள் இரண்டும் கூடுமிடத்து முக்கோணக் குழியில் தேங்கியது. இது சந்தனமா, சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பா, மண்டபத்தோடு சேர்த்து என்னையும் பூசிவிட எண்ணமா என்று அவர் அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் கிண்ணத்தோடு ஓடிவிட்டாள். குழியில் தேங்கியதை நான் விரலால் வழித்து என் முழங்கையில் பூசிக்கொண்டேன். பிறகு மண்டபத்துக்குப் போனோம்.

உன் ஓலை இன்று காலை வந்தது. ‘அக்கா, அத்தான் கட்டிய மண்டபத்தை அவர் நினைவாக முழம் மாறாமல் இங்கே எழுப்பிவிட்டேன். விடங்கனார் உடனிருந்து மூலைகளையெல்லாம் திறந்துவிட்டார். யாழொலி இப்போது குன்றின் அடிவரை கேட்கிறது. நீ வந்தால் அழுதுவிடுவாய் என்கிறாள் என் மனைவி. நீ அழமாட்டாய், குறை சொல்வாய் என்று நான் பந்தயம் கட்டியிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாய்.

பந்தயத்தில் நீயே வென்றாய், தம்பி. குறை சொல்லவே எழுதுகிறேன். அந்த மண்டபத்தில் நீ அமர்ந்து முடி சூடினால், உன் மனைவியும் உன் குடிகளும் உன்னைச் சூழ அமர்ந்தால், எனக்கு நேர்ந்தது உன் நாட்டில் எஞ்சுகிறவர்க்கும் நேரும்.

உன்மேல் பிழையில்லை. நெய்தலூர் மண்டபத்தைக் காற்று கொன்றது என்றே நாடெங்கும் பறையறைந்தார்கள். நான் நினைவின்றிக் கிடந்தபோது அமைச்சர்கள் எடுத்த முடிவு அது. ஊழிக்காற்று என்றால் யாரையும் வினவ வேண்டியதில்லை அல்லவா? அதே காற்றில் கோட்டையின் யானைக் கொட்டில் ஒரு கீற்றும் இழக்காமல் நின்றது. ஏன் நின்றது என்பதைச் சொன்னால் மண்டபம் ஏன் விழுந்தது என்பதும் விளங்கிவிடும்.

மண்டபத்தின் ஒவ்வொரு தூணிலிருந்தும் மேல் உத்தரத்துக்கு இருபுறமும் சாய்கட்டைகள் ஏறியிருந்தன. இறகு விரித்த கொக்கைப் போல இருக்கும் என்று உன் அத்தான் சொல்வார். தூண் ஒரு பக்கம், உத்தரம் ஒரு பக்கம், சாய்கட்டை ஒரு பக்கமாக மூலைதோறும் ஒரு முக்கோணம். அரியணைக்குப் பின்னிருந்த தூணில் அக்கட்டைகள் இரண்டும் கூடும் முனை, அமர்பவர் தலைக்கு நேர்மேலே கீழ்நோக்கி நின்றது. நம் இரு நாடுகளிலும் வீழ்ந்தவனின் நடுகல்லில் வேலின் முனையைக் கீழ்நோக்கிச் செதுக்குவதே வழக்கம். ஆகவே, உயிரோடிருக்கும் அரசன் தலைமேல் நடுகல்லின் குறி இருக்கலாகாது என்று அரங்கநெறியார் விடங்கனார் அவையில் எடுத்துரைத்தார். அரங்கில் யார் எங்கே அமர்வது, எது எங்கே தொங்குவது என்பதெல்லாம் அவர் சொல்லே. அவை தலையசைத்தது. அந்த இரண்டு கட்டைகளை எடுத்தார்கள்.

எடுத்த பிறகு அந்தத் தூண் மட்டும் மொட்டையாக நின்றது. ஒன்று மொட்டையாகவும் மற்றவை இறகோடும் இருப்பது கண்ணை உறுத்துகிறது என்றார் விடங்கனார். நாளை தூணும் கண்ணை உறுத்துகிறது என்பீர், அப்போது கூரையை நாங்கள் கைகளால் ஏந்தி நிற்கிறோம் என்று உன் அத்தான் நகைத்தார். அவையும் நகைத்தது. நகைப்பு அடங்கியதும் விடங்கனார் தன் வலிய வாதத்தை எடுத்தார். அரங்கத்தில் இசை தொடங்குவதை அறிவிக்கத் தொங்கவிடும் முக்கோண இரும்பைக் கொண்டுவரச் செய்து, ஒரு கோலால் தட்டிக் காட்டினார். கொல்லன் இதன் மூன்று மூலைகளில் ஒன்றை மூடாமல் விடுகிறான், அதனால்தான் இது பாடுகிறது, மூன்றையும் மூடினால் இதன் நாதம் சுருங்கிவிடும், உங்கள் மண்டபத்தின் மூலைகளெல்லாம் மூடிக் கிடக்கின்றன, யாழ் எப்படி ஒலிக்கும் என்று வினவினார்.

இசையில் வளர்ந்த அவை அது. இரும்பின் நாதம் காதில் இருக்கும்போதே எல்லாக் கட்டைகளும் அகற்றப்பட்டன. தச்சர்களும் மகிழ்ந்தே அகற்றினார்கள். நல்ல மரம் வீணாகலாமா என்று அவற்றை யானைக் கொட்டிலின் மூலைகளுக்கு முட்டுக் கொடுத்தார்கள். மெய்யாகவே, அதன்பின் யாழ் இனிமையாகக் கேட்டது. அதை மறுக்கமாட்டேன். உன் குன்றின் அடிவரை கேட்கிறது என்பதையும் நம்புகிறேன்.

அந்த மண்டபத்தில் யாழ் அரங்கேற்றம் நடந்த அன்று மேற்கிலிருந்து மழைக்காற்று எழுந்தது. வெளியே நின்றவர்கள் நனையாதிருக்க உள்ளே நெருங்கினார்கள். என் பின்னாலிருந்த வணிகர் மனைவி, அரசர் வீட்டு மழையும் நம்மைப்போல் அழைக்காமல்தான் வருகிறது என்று தன் தங்கையிடம் சொன்னாள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இரண்டு தூண்களுக்கு இடையே தெரிந்த வானம் கதவைப்போல் நேராக இருந்ததை அப்போது கண்டேன். மறுபடி பார்த்தபோது அந்த வானம் சாய்ந்திருந்தது.

மண்டபம் உடனே விழவில்லை. எல்லாத் தூண்களும் வடம் பிடிப்பவர்களைப்போல் ஒரே திசையில், ஒரே அளவில், ஓசையின்றிச் சாய்ந்தன. உன் அத்தான் எழுந்து, கிழக்கு வாயிலால் எல்லாரும் வெளியேறுக என்று உரக்க ஆணையிட்டார். தன் ஆணைக்குத் தானே கீழ்ப்படியாமல் என் பக்கம் வந்தார். பிறகுதான் கூரை இறங்கியது. பின்னாளில் இடிபாடுகளைப் பார்த்தவர்களிடம் ஒவ்வொருவராக வினவினேன். தூண் ஒன்றும் ஒடியவில்லை, உத்தரம் ஒன்றும் முறியவில்லை. மூலைகள் மட்டுமே இணங்கிவிட்டன.

இரண்டு உத்தரங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, தரையோடு சேர்ந்து ஒரு கூடாரம்போல் நின்றன. அதற்குள் நான் கிடந்தேன். அவர் மார்பு வரை உள்ளே இருந்தார். மீதி வெளியே, மரத்தின் கீழ். நாடி பார்க்க அவர் கை எனக்கு எட்டவில்லை, கழுத்து எட்டியது. தாடையின் கீழே, குரல்வளைக்கும் சரிந்திறங்கும் தசைக்கும் நடுவே மெத்தென்ற ஒரு முக்கோண இடம் உண்டு. உன் கழுத்தில் இப்போது தொட்டுப் பார். அங்கே விரலை வைத்தேன். துடித்தது. வெளியே கட்டைகளை அகற்றுவோரின் குரல் நெருங்கி நெருங்கி வந்தது. துடிப்பு இருக்கும்வரை அவரிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பதை எழுதமாட்டேன். தேவியார் இங்கே இருக்கிறார் என்று மேலே ஒருவன் கூவியபோது என் விரலின் கீழ் எதுவும் இருக்கவில்லை.

படுக்கையில் கிடந்த மாதங்களில் எனக்கு வேறு வேலையில்லை. என்மேல் விழாமல் அந்த இரண்டு உத்தரங்கள் எப்படி நின்றன என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூங்கில் குச்சிகளைக் கேட்டு வாங்கினேன். நான்கு குச்சிகளை மூலைக்கு மூலை நூலால் கட்டி ஒரு விரலால் தள்ளினேன், சாய்ந்து படுத்துவிட்டது. மூன்றைக் கட்டித் தள்ளினேன், நகர்ந்ததேயன்றிச் சாயவில்லை. நான்கு குச்சிச் சட்டத்தின் குறுக்கே ஐந்தாவதாக ஒரு குச்சியைச் சாய்த்துக் கட்டினேன். அதுவும் நின்றுவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணம் தன் வடிவை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நாற்கோணமோ பக்கங்கள் மாறாமலேயே வடிவம் மாறிவிடும். அவையில் செங்கோலின் முன் எல்லாரும் பணிவதைப்போல் மிக மரியாதையாக மாறிவிடும்.

இதை நம் உடம்பு அறிந்திருக்கிறது. ஆடும் ஓடத்தில் நிற்பவன் கால்களை அகற்றி ஊன்றுகிறான். தலையில் பாரம் ஏற்றியவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொள்கிறாள். யாழும் அறிந்திருக்கிறது. பத்தர் என்னும் அடிக்குடம் ஒரு பக்கம், கோடு என்னும் வளைந்த தண்டு ஒரு பக்கம், இழுத்துக் கட்டிய நரம்பு மூன்றாம் பக்கம். அத்தனை நரம்புகளின் இழுப்பையும் தாங்கிக்கொண்டு, கோடு தன் இடத்தில் நிற்கிறது.

விடங்கனார் இரும்பைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. நடுங்குவதற்கென்று செய்த பொருளுக்கு மூலை திறந்திருக்க வேண்டும். தாங்குவதற்கென்று செய்த பொருளுக்கு மூலை மூடியிருக்க வேண்டும். மண்டபமும் நடுங்கலாம் என்று அவர் எண்ணினார், அது நடுங்கியது.

அவர்மேல் சினம் கொள்ளாதே. அவருடைய தம்பியும் அன்று அங்கே இறந்தார். காற்றே கொன்றது என்று நம்பாவிட்டால் அவரால் ஒரு நாள் உண்ண முடியாது. அதனாலேயே அவர் அதே மண்டபத்தை மறுபடி கட்டுகிறார், அது நிற்பதைத் தன் கண்ணால் காண வேண்டும் என்று. அந்த விருப்பம் எனக்குப் புரிகிறது; அதுவே என்னை அச்சுறுத்துகிறது. கல்வரைக்கு வரும் ஓலைகளை அவையில் மூத்த விருந்தினரே வாசிப்பது உங்கள் வழக்கம். இன்று மூத்த விருந்தினர் அவரே. ஆகவே இதைக் கொண்டுவரும் கொற்றன் உன் கையிலன்றி வேறு கையில் தரமாட்டான். முரடன் என்று உன் வாயில்காவலர் முறையிடுவார்கள், பொறுத்துக்கொள். என்னை வெளியே இழுத்தவன் அவன்தான்.

இனி, யாம்.

இவ்வோலை கண்ட கணமே அம்மண்டபத்துள் எவரும் நுழையாதிருக்கக் காவல் நிறுத்துக. அவையைத் திறந்தவெளியில் கூட்டி, இதை நீயே உரக்க வாசித்து, நான்கு மூங்கில்களைக் கட்டி நிறுத்தி, விடங்கனாரைக் கொண்டே அதைத் தள்ளச் செய்க. குறுக்குக் கழியைக் கட்டியபின் மீண்டும் அவரையே தள்ளச் செய்க. அவர் கை அறிந்தபின் அவரைக் குறை கூற எவரையும் விடாதே. அவருக்கு இருக்கையும் நீரும் அளித்து, அவர் அழுதால் அவையைக் கலைத்துவிடு. சாய்கட்டைகளை ஒவ்வொரு மூலையிலும் மீண்டும் பொருத்துக. அரியணைமேல் வரும் முனை குறியாகத் தோன்றினால் அதில் பூச்சரம் சுற்றுக, கட்டையை எடுக்காதே. பொருத்தி முடியாவிடில் வானத்தின் கீழ் முடி சூடுக. மழை பெய்தால் நனைந்துகொண்டே சூடுக. நனைந்த முடியை யாம் ஏற்போம்.

இதை மீறுவது ஈரோடையின் குடையை மீறுவதாகும். இரட்டை அலை பொறித்த எம் இலச்சினையை அரக்கில் அழுத்தி, இதன் முடிச்சில் இட்டோம். இந்த முடிச்சை அவிழ்க்கும் கை நெடுநாள் வாழ்க. அது தொடுவன எல்லாம் நிலைத்து நிற்க.

இலச்சினைக்குக் கீழே, உன் அக்கா:

முழுநிலவுக்கு இன்னும் நான்கு இரவுகள் இருக்கின்றன. கொற்றன் சேணம் கட்டிவிட்டான். ஊன்றுகோல் இல்லாமல் என்னால் நடக்க முடியுமானால் அவன் பின்னால் நானும் ஏறியிருப்பேன். கல்வரைக்கு வழி, நான் மணமாகி இங்கே வந்த நாளில் இருந்த நீளமேதான்: குதிரைக்கு மூன்று பகல்.