கரும்பலகையில் என் பெயர்

6 ஜூன் 1978, செவ்வாய்

புது மேனேஜர் செந்தூர்பாண்டி சார் இன்று வந்துவிட்டார். ஏரல் பக்கம் ஊர்; நெடுநாள் பம்பாயில் இருந்தவர். எங்கள் கம்ப்யூட்டர் செக்‌ஷனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. ஏன் இவ்வளவு சத்தமாப் பேசுதீங்க?" என்றார்.

என்ன சொல்ல? பக்கத்து ப்ளாண்டின் இரைச்சல் ஒரு பக்கம், எங்கள் பிரிண்டர் ஒரு பக்கம். பழக்கமும் அப்படித்தான். ஒருத்தர் ப்ரோக்ராம் ஓடாவிட்டால் மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவோம். வெள்ளத்துரை திட்டுவான், ஞானசௌந்தரி சிரிப்பாள், நான் கண்டுபிடிப்பேன். பெருமைதான். இருக்கட்டும், என் டைரிதானே.

11 ஜூன், ஞாயிறு

நாசரேத், அம்மா வீடு. கோயில் முடிந்து வந்து சாப்பிடும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "ஏளா கிரேசி, போன தடவ அந்த சௌந்தரி வந்திருந்தப்ப ரெண்டு பேரும் கோபால் கோபால்னு பேசிக்கிட்டீங்களே, யாரு அந்த ஆளு? நம்ம சபைதானா?"

அது கோபால் இல்லை, COBOL; ஆள் இல்லை, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற பாஷை என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரையேறிவிட்டது. அம்மாவுக்கு ஏமாற்றம். மகளுக்கு முப்பது தாண்டியாச்சு, எந்தச் சபையாக இருந்தாலும் சரி என்று மனசைத் தேற்றி வைத்திருந்தாள் போல.

19 ஜூன், திங்கள்

நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு கரும்பலகை. யார் ப்ரோக்ராமில் தப்பு வந்தாலும் பேரும் தப்பும் அதில் ஏறும். ஒரு வாரத்துக்கு அழிக்கக் கூடாது.

நேராகப் போய்ச் சொன்னேன். "சார், இது வேண்டாம். தப்பு குறையாது. தப்பு வந்துட்டுன்னு சொல்லுததுதான் குறையும்."

"பம்பாயில குறைஞ்சுதே, கிரேசி."

கோபமில்லாமல்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம்.

20 ஜூன்

வெள்ளத்துரை பெயர் ஏறியது. மத்தியானம் சாப்பிடக் கூட வரவில்லை அவன்.

28 ஜூன், புதன்

பலகை காலி. சாருக்கு ஒரே சந்தோஷம். செக்‌ஷன் பரீட்சை ஹால் மாதிரி இருக்கிறது. ஆளாளுக்கு முழங்கையால் பேப்பரை மறைத்துக்கொண்டு —

என்னைக் கூப்பிட்டார். சிஸ்டம்ஸ் ஆபீசர் என்று ஒரு பதவி வருகிறதாம், என் பெயரைத்தான் சிபாரிசு செய்யப்போகிறாராம். குவார்ட்டர்ஸ் உண்டு. "அதுக்கப்புறம் நீங்க ப்ரோக்ராம் எழுத வேண்டாம். எழுத வச்சாப் போதும்."

எழுத வேண்டாமாம்! எனக்குப் பிடித்ததே அது ஒன்றுதானே?

ஆனால் குவார்ட்டர்ஸில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். ஒற்றை அறை, ஸ்டவ், சைக்கிள், ஒரு டிரான்சிஸ்டர் — இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தெருக்குழாய் முன்னால் குடத்தோடு நிற்பதைத் தவிர. தண்ணீர் என்றதும் மனசு ஆடத்தான் செய்கிறது.

5 ஜூலை, புதன்

நடந்துவிட்டது. ப்ளாண்டில் ஒரு பம்ப் நின்றுபோனது. மாற்ற வேண்டிய சீல், கசிவை அடைக்கிற வளையம், ஸ்டோரில் இருப்பதாக எங்கள் ரிப்போர்ட் சொல்கிறது. போய்ப் பார்த்தால் இல்லை. மதுரைக்குக் கார் அனுப்பி வாங்கிவரும்வரை அந்தப் பகுதியே சும்மா கிடந்தது.

சௌந்தரி பாத்ரூமில் அழுதுகொண்டிருந்தாள். அவள் ப்ரோக்ராம்தான். இரண்டு சாமான்களின் இருப்பை மாற்றிக் காட்டுகிறது. அவளுக்குப் போன வாரமே தெரியும்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"எங்கப்பா இங்கதான ஃபிட்டரு. தினம் சாயங்காலம் என்னக் கூப்பிட வாராரு. அந்தப் போர்டு முன்னாலதான் நிக்காருக்கா."

கோபமா வருது. அவ மேல இல்ல. எதுக்கு இந்தப் பிள்ள இப்படிப் பயப்படணும்? தப்பில்லாம எவன் ப்ரோக்ராம் எழுதிருக்கான்? நான் எழுதிருக்கேனா?

6 ஜூலை, வியாழன்

சௌந்தரியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாரிடம் சொல்லவைத்தேன். பக்கத்திலேயே நின்றேன். அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்கு வந்தார்.

"ஒரு நிமிசம் சார். நான் முதல்ல எழுதிக்கிடுதேன்."

வாங்கி, பெரிய எழுத்தில் எழுதினேன். 'கிரேசி — இன்று ஒரு முற்றுப்புள்ளியை விட்டதால் ப்ரோக்ராம் ஓடவில்லை.' அதன் கீழே, 'கிரேசி — நேற்று கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டேன்.' இரண்டும் நிஜம்.

"என்ன இது, வெளையாட்டா?"

"இல்ல சார். தப்பு செஞ்சா எழுதணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆபீசர் ஆகப்போறவங்க செய்யுத காரியமா இது?"

"அதுக்கு என் பேரு வேண்டாம் சார். நான் ப்ரோக்ராமே எழுதிக்கிட்டு இருக்கேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, முடிவு செய்துவிட்டேன் என்று. சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

சௌந்தரி பெயரையும் எழுதத்தான் செய்தார். என் பெயருக்குக் கீழே அது சின்னதாகத் தெரிந்தது.

10 ஜூலை, திங்கள்

வெள்ளத்துரை தானே போய்த் தன் பெயரை எழுதினான். பக்கத்தில் 'நாளைக்கும் வரும்' என்று வேறு. சாயங்காலம் சௌந்தரியின் அப்பா நின்று நிதானமாக வாசித்தார். "ஏளா, இங்கன எல்லாரு பேரும்லா கெடக்கு!" என்று சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

13 ஜூலை

பலகையில் இடமில்லை. சுவரில் எழுதலாமா என்று வெள்ளத்துரை சாரிடமே கேட்டான். சார் பலகையைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனார்.

5 ஆகஸ்ட், சனி

பனிமய மாதா கோயில் திருவிழா. கூட்டத்தில் செந்தூர்பாண்டி சார், மனைவி மகளோடு. ஒதுங்கிப் போகலாம் என்று பார்த்தேன், அவரே கூப்பிட்டார்.

"பம்பாயில குறைஞ்சுதுன்னு சொன்னேன்லா. நெசமாவே குறைஞ்சுதா, இல்ல எங்கிட்ட யாரும் சொல்லாம விட்டுட்டாங்களான்னு இப்ப யோசிக்கேன்."

அவர் மகளுக்கு மக்ரூன் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

14 ஆகஸ்ட்

வெள்ளையடிக்க வேண்டும் என்று பலகையைக் கழற்றினார்கள். வெள்ளை காய்ந்துவிட்டது. பலகை திரும்பி வரவில்லை.

2 செப்டம்பர், சனி

வெள்ளத்துரை இப்போது சிஸ்டம்ஸ் ஆபீசர். புது வீட்டைப் பார்க்க எங்களைக் கூட்டிப்போனான். அவன் மனைவி அடுக்களைக் குழாயைத் திறந்து காட்டினாள். கொஞ்சம் வலித்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது?

"ப்ரோக்ராம் எழுதாம என்னால இருக்க முடியுமாக்கா?" என்று கேட்டான்.

"உன்னால முடியும்ல. உனக்கு ஆளுகளப் பிடிக்கும்."

நிஜமாகத்தான் சொன்னேன்.

18 செப்டம்பர், திங்கள்

மத்தியானம் சௌந்தரி எழுந்து நின்று, "எல்லாரும் வாங்க, நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன், எங்கன்னு தெரியல!" என்று கூவினாள். சாரும் அறையிலிருந்து வந்தார். அவள் பேப்பரை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

எல்லோரும் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கம்பெனி பஸ் போயே போய்விட்டது. சாரின் காரில்தான் டவுனுக்கு வந்தோம். பின் சீட்டில் நானும் சௌந்தரியின் அப்பாவும். முன் சீட்டில் அவள், உப்பளம் தாண்டி ஊர் வரும்வரைக்கும், எங்கே தப்பு விழுந்தது என்று அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தாள்.