பேட்டரிப் பட்டறையில் தின்ற வெல்லம்

அக்கா,

இன்று காலை கடையில் புது வெல்லம் வந்து இறங்கியது. சாக்கைப் பிரித்ததும் வாசம் கடை முழுக்க அடித்தது. கடைக்காரர் ஒரு துண்டை உடைத்து ருசி பார்க்கச் சொல்லி நீட்டினார். நான் வாங்கவில்லை. உன் நினைப்பு வந்துவிட்டது.

நாமக்கல்லைத் தாண்டி ரோட்டோரம் இருந்ததே, அந்தப் பட்டறை. பழைய லாரி பேட்டரிகள் குவிந்து கிடக்கும். நீயும் நானும் கொடுவாளைத் திருப்பிப் பிடித்துப் பெட்டியைத் தட்டி உடைப்போம். திராவகத்தை மண்ணில் கவிழ்த்துவிட்டு உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகளைப் பிடுங்கிப் போடுவோம். உன் வீட்டுக்காரர் அதை உலையில் உருக்கிக் கட்டியாக வார்ப்பார். சாம்பல் நிறத் தூசி நம் புருவம் வரைக்கும் ஒட்டியிருக்கும். "ரெண்டு பேரும் விபூதிச் சாமியாராட்ட இருக்கறோம் புள்ள" என்று சிரிப்பாய்.

டீ நேரத்தில் முதலாளியம்மாவே தட்டில் வெல்லம் கொண்டுவருவார். நெஞ்சில் சேர்ந்த தூசியை வெல்லம் அறுத்துவிடும் என்பார். கெட்ட மனசு இல்லை, தானும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார். நாம் சேலையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கித் தின்றோம். பிசுபிசுத்த விரலையும் நக்கிக்கொண்டோம். அது மருந்து என்றே நம்பினோம்.

அதற்குள் உனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்து போயிருந்தன. உன் மாமியார் வேண்டாத கோயில் இல்லை. ராசியில்லாதவள் என்று ஊரில் பேசினார்கள். வளைகாப்பு வீட்டுக்கு உன்னை யாரும் அழைக்கவில்லை. நீ மறுநாள் பேட்டரியை இன்னும் ஓங்கி உடைப்பாய்.

மூன்றாவது தங்கியபோது உனக்கு வயிற்றை முறுக்கி முறுக்கி வலித்தது. மணிக்கட்டு துவண்டு கொடுவாள் நழுவியது. சேலத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் உன் கீழுதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார். பல்லோரமாக மை தீட்டினது மாதிரி நீலக்கறுப்பாக ஒரு கோடு. என்ன வேலை, அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். வெல்லம் என்றதும், எந்தக் கையால் என்றார். ஈயம் உடம்பில் ஏறியிருக்கிறது, அது கருவைத் தங்க விடாது, இன்றைக்கே வேலையை விட்டுவிடு என்றார்.

பஸ்ஸில் வரும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "கைய என்ன கழட்டி வெச்சுப்போட்டா திங்க முடியும்" என்றாய். சிரித்தோம். கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இந்தப் புள்ளையவாச்சும் கையில வாங்கிப்போடோணும்" என்றாய்.

வேலையை விட்டாய். ஏழாம் மாதமும் தாண்டியது. வீட்டில் உட்கார்ந்து, உலையிலிருந்து வரும் உன் வீட்டுக்காரரின் சட்டையை உதறிக் கல்லில் அடித்துத் துவைத்தாய். அந்தச் சட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சொல்லவேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. பட்டறையை விட்டு வந்தாயிற்று என்றே நினைத்திருந்தோம்.

எட்டாம் மாதம் முகம் வீங்கி, ஜன்னி கண்டு, வண்டி வருவதற்குள் பிள்ளையோடு போய்விட்டாய். உன்னைத் தூக்கும்போதுகூட அந்த ராசிப் பேச்சு ஓயவில்லை.

உன் வீட்டுக்காரர் மறுபடி கட்டிக்கொண்டார். சின்னப்பெண். பட்டறைப் பக்கமே போனதில்லை. அவளுக்கும் போன வருடம் கலைந்துவிட்டது. நீ விட்ட சாபம் என்றார் உன் மாமியார். கேட்டுப் பொறுக்க முடியாமல் அவளை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். புருஷனுக்கு என்ன வேலை, அவர் துணியை யார் துவைப்பது என்று இந்த முறை கேட்டார். தூசி அந்தத் துணியோடு வீட்டுக்கு வருகிறது என்றார். நீ உதறித் துவைத்த சட்டை அப்போதுதான் என் நினைப்புக்கு வந்தது, அக்கா.

இப்போது அவளுக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிருக்கிறது. பட்டறையிலேயே குளித்துச் சட்டை மாற்றி வரும்படி உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அங்கே குடிக்கவே தண்ணீர் இல்லை என்கிறார். மாமியாரிடம் சொன்னால், "எங்கூட்டு நாயம் உனக்கெதுக்கு அம்மணி" என்கிறார்.

நேற்று அந்தப் பெண் துவைக்கிற கல்லின் பக்கத்தில் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

"மூத்தவங்க சாபம்னு அத்தை சொல்றாங்க. நெசமாங்கக்கா?"

"ஆரையும் சபிக்கத் தெரியாதவ அவ, கண்ணு. அவளையும் இந்தத் தூசிதான் தின்னுபோட்டுது."

சட்டையைக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து மாமியார் சத்தம் கொடுத்ததும் மறுபடி எடுத்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு இனிப் பிள்ளை பெறும் வயதில்லை. உதறாமல், தனி வாளியில் ஊறப்போட்டுத் துவைத்தேன். இன்றைக்கும் போய் வாங்கி வந்திருக்கிறேன். தண்ணீரில் சாம்பல் நிறம் இறங்குகிறது. அவள் பிள்ளையைக் கையில் வாங்கும்வரை உன் வீட்டுக்காரரின் சட்டை என் வீட்டுக்குத்தான் வரும், அக்கா.