கம்பெனி கேட்ட நடனம்

1926 மார்ச் 4
ரயிலில் படப்பெட்டி வந்தது. சீமைக் கம்பெனியின் படங்களுக்கு இலங்கையில் இந்த ஊவா மாகாணம் முழுவதும் எங்கள் முதலாளி சிவஞானம்தான் ஏஜெண்டு. பெட்டிகளை வாங்கி அனுப்புவதும் இங்கிலீஷில் கடிதம் எழுதுவதும் என் வேலை. இந்த முறை ஒரு சுருள் லுணுகலைத் தோட்டத்தில் எடுத்தது. போன வருஷம் காமிராவோடு சுற்றினானே ஒரு வெள்ளைக்காரன், அவன் கைவேலை.

ஓட்டிப் பார்த்தேன். முதலில் எழுத்து வந்தது: 'தேயிலை பறித்து முடித்த மகிழ்ச்சியில் கூலிப் பெண்களின் நடனம்.' பிறகு கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசல். தப்பு அடிக்கிறார்கள். பெண்கள் வட்டமாக நின்று மாரடிக்கிறார்கள். நடுவில் அந்தத் தோட்டத்து இராக்கம்மா. அவள் புருஷன் அழகர் செத்த அன்று எடுத்தது, நானும் போயிருந்தேன்! பாடை மட்டும் படத்தில் விழவில்லை.

சீ!

மார்ச் 5
முதலாளியிடம் சொன்னேன். "வெள்ளக்காரனுக்கு எழவும் ஒண்ணுதான், கல்யாணமும் ஒண்ணுதான். நமக்கென்னய்யா?" என்று சிரித்தார். சிரிக்க இதில் என்ன இருக்கிறது? அது சாவுச் சடங்கு என்று, அவரைக் கேட்காமலே கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

மே 17
பதில் வந்தது. பினாங்கு, டர்பன், ரங்கூன் எல்லா இடத்துக்கும் பிரதிகள் போய்விட்டனவாம், எழுத்தை மாற்ற முடியாதாம். நடனத்துக்கு நல்ல வரவேற்பாம். இன்னும் நீளமாக ஒன்று எடுக்க ஆள் அனுப்புகிறார்களாம். நான் எழுதியதற்கு ஒரே வரி — தகவலுக்கு நன்றி.

நன்றியாம்!

மே 23
பெண்களை ஆடச் சொல்லிக் கேட்க முதலாளி என்னை லயத்துக்கு அனுப்பினார். கூலிகளை மேய்க்கும் கங்காணியும் கூட வந்தான்.

"பொணம் இல்லாம மாரடிச்சா வீட்டுல பொணம் விழுமுங்க. எதுக்குங்க இது?" என்றாள் இராக்கம்மா.

மறைக்க மனம் வரவில்லை. படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். "நான் அழுததயா ஆட்டம்னாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 24
காமிராக்காரன் வந்து ரெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கிறான். எதற்குக் காத்திருக்கிறான்? ஒரு சாவுக்கு. முதலாளியும் தினமும் தோட்டத்துச் சேதி விசாரிக்கிறார். மனிதர்களா இவர்கள்?

ஜூன் 30
இராக்கம்மாவின் அக்காள் வேலாயி காய்ச்சலில் போய்விட்டாள். "எழவு விழுந்திருச்சு, மெஷினக் கொண்டாங்க" என்று கங்காணி ஆள் அனுப்பினான். முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை வீட்டார் வந்ததுபோல! காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனால் காமிரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு நானும்தானே காரில் ஏறினேன்?

தூரத்தில் வரும்போதே ஒப்பாரி கேட்டது. காமிராவைக் கண்டதும் நின்றது. தப்பும் நின்றது.

"அழுங்கடி! கூடப் பொறந்தவளுக்குக்கூட அழமாட்டியா?" என்று கங்காணி கத்தினான். இராக்கம்மா அசையவில்லை. ஒருத்தியும் அசையவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றார் முதலாளி. வெயில் ஏறியது. பிணம் பொறுக்குமா? தூக்கிவிட்டார்கள். வேலாயி அழுவாரில்லாமல் போனாள்.

அழவிடாமல் செய்தது நாங்கள். நானும்.

ஜூலை 1
ஆபீஸ் சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 15
வேலாயிக்குக் காரியம். வெறுங்கையோடு போனேன். இராக்கம்மா எழுந்து நின்றாள்.

"மெஷின் வரலீங்களே?"

வரவில்லை, நான் இப்போது அவர்களிடம் வேலையிலும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. வாசலைத் தாண்டி வந்து ரோட்டு வளைவுவரை பார்த்தாள். அப்புறம்தான் உள்ளே போய், அக்காளைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள்.